வல்லைவெளிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

1

"கழட்டடி அதை! கண்ணிலை புரை வெட்டின கிழவியள் போடுறதை..."

"ஏனம்மா, கிழவியளுக்கு மட்டுந்தான் வெயில் எறிக்குதோ? எனக்கும்..."

"...கலியாணம் பேசுற நேரத்திலை, நடு றோட்டிலை, சைக்கிளிலை..."

"...அண்ணை எனக்கெண்டுதானே அனுப்பினவர்!"

இந்தக் கதை என்னிடம் சண்டையாகத்தான் வந்தது. 1984இல், யாழ்ப்பாணத்து நீர்வேலியில், எங்கள் வேலிக்கு அப்பால் மீனாம்பிகையும் மகள் அருந்ததியும் ஒரே மூச்சில் கத்தினார்கள். முகங்களை வர்ணிக்க எனக்கு வராது. குரல் கேட்டால் போதும். (பெயர்களை மாற்றிவிட்டேன். கண்ணாடியை மாற்றவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அருந்ததியின் மான்விழிகள் மருள..."

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்தக் கண்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் மானை எதற்குக் கூப்பிடுவது?

அவள் உடுப்பிட்டியில் ஆசிரியை. தினமும் வல்லைவெளியைச் சைக்கிளில் கடக்க வேண்டும். ஒதுங்க ஒரு மரமில்லை. உப்புத்தரை வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும். காற்று மணலை அள்ளி எறியும். கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய கண்ணாடியோ தடித்த சட்டம், கன்னம் வரை அகலம். "சில்லுப் பூட்டின பலகையிலை சறுக்கித் திரியிற பெடியள் போடுறது. இஞ்சை சும்மா கடைக்குப் போகேக்கையும் போடினம்" என்று எழுதியிருந்தான்.

அதைப் போட்ட அன்றுதான் அவள் வல்லைப் பாலத்தைக் கண் திறந்தபடி கடந்தாள்.

3

முதற்படியைப் படித்த பத்திரிகை ஆசிரியர் சொன்னார்: "அக்கா, அந்தப் பிள்ளைக்கு ஒரு கண் வருத்தத்தைக் குடுங்கோவன். வாசகர் இரங்குவினம்."

ஏன் ஐயா? ஒருத்தி கண் கூசாமல் வேலைக்குப் போக வைத்தியரின் துண்டுச்சீட்டு வேண்டுமோ? ஊரும் இதையேதான் கேட்டது. நோய் என்றால் கண்ணாடியை மன்னிப்பார்கள், கலியாணத்தைக் குழப்புவார்கள். நோயில்லை என்றால் அவள் அடங்காதவள். அப்போதும் கலியாணம் குழம்பும். இப்படி ஒரு பொறியைச் செய்து வைத்தவர்கள்...

(வசனத்தை முடிக்கக் கோபம் விடவில்லை. கிடக்கட்டும்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மீனாம்பிகை கண்ணாடியைக் கிணற்றில் போடுகிறாள். மற்றதில் அருந்ததி நோயென்று பொய் சொல்கிறாள். இரண்டும் ஊருக்குப் பிடிக்கும். கிழித்தேன்.

மிஞ்சியது நடந்ததுதான். தெல்லிப்பழையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் சீவரத்தினம் வந்து, வெளிநாட்டிலிருக்கும் மகனின் படத்தை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உம்மைக் கறுப்புக் கண்ணாடியோடை வல்லையிலை கண்டதெண்டு சனம் கதைக்குது. கண்ணிலை என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை மாமி. வெயில்."

"வெயிலோ! ஊரிலை வேறை ஒருத்தருக்கும் எறிக்காத வெயிலோ? குமர்ப்பிள்ளை கண்ணை மறைச்சால், என்னத்தை மறைக்கிறாளெண்டுதான் கேப்பினம்."

"சின்னக் கண்நோய்தான், இப்ப சுகம்..." மீனாம்பிகை இழுத்தாள்.

"அம்மா, பொய் சொல்லாதேங்கோ."

அருந்ததி படத்தைக் கையில் எடுத்தாள்.* வெயிலின் சுவடே இல்லாத வானம்; முழங்கால் வரை பனி; காரில் சாய்ந்து நிற்கும் மாப்பிள்ளை. முகத்தில் பாதியை மூடிய கறுப்புக் கண்ணாடி.

(* வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். அவளே பிறகு சொன்னாள்.)

அவள் கேட்டதற்கு மறுமொழி எழுத மாட்டேன். உங்களிடம் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

"மாமி, இவருக்குக் கண்ணிலை என்ன வருத்தம்?"