குடும்பத் தலைவருக்கும் ஒரு தகவல்

இருபத்து மூன்று நாளாக அந்த வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. தங்கையின் செருப்பை அக்கா பழைய பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். கொடியில் ஒருத்தியின் துணி மட்டும் காயும். தும்மலோ இருமலோ வந்தால் தங்கை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். ஊரே யார் இருமுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம். கீழ்வீட்டு அம்மாளுக்கோ பாம்புக் காது.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒருத்தனுக்காக, தங்கையின் புருஷனுக்காக. அவள் வந்து சேர்ந்தபோது ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது, தோளெலும்பு விலகியிருந்தது. அடுத்த முறை உயிரோடு விடமாட்டேன் என்று சொல்லித்தான் அடித்திருந்தான். பாவி, மூன்றாம் நாளே இங்கே வந்து நின்றான். வாசலில் கிடந்த செருப்பை ஒரு தடவை பார்த்தான். உங்கள் தங்கை இங்கே இல்லையே என்று தேன் ஒழுகக் கேட்டுவிட்டுப் போனான்.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தொற்றுக்கான செயலி பச்சை காட்டினால்தான் வாயிற்காவலர் உள்ளே விடுவார். அன்று காலை அவள் போன் சிவப்பு காட்டியது. கூட வேலை பார்த்தவளுக்குத் தொற்றாம். காவலர் இரண்டடி பின்னால் நகர்ந்து, வீட்டைப் பார்த்துப் போகும்படி கையாலேயே காட்டினார்.

வீட்டுக்கு வந்தால் தங்கை பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் போனும் சிவப்பு.

சிம்மைத்தான் வந்த அன்றைக்கே கழற்றி எறிந்தாயிற்றே என்று அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிம் போனால் என்ன, செயலி போகவில்லை. பொழுதுபோகட்டும் என்று அக்காதான் வீட்டு வைஃபையைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ராத்திரி இரண்டு போனும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜ் ஏறும். எது எதோடு எத்தனை மணி நேரம் கிடந்தது என்று செயலி கணக்காகக் குறித்து வைத்திருந்தது.

அது கூடப் பரவாயில்லை. அடியில் இருந்த வரியைத் தங்கை விரலால் காட்டினாள். தனிமையில் இருக்க வேண்டிய முகவரி கதவு எண் வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே, 'இத்தகவல் குடும்பத் தலைவருக்கும் அனுப்பப்பட்டுள்ளது.'

"இந்த ஆப்பை உனக்கு யாருடி போட்டுக் கொடுத்தது?"

"அவர்தான்க்கா. அவர் நம்பர்லதான் பதிஞ்சாரு."

அக்கா போனை வாங்கி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். அடிக்கிறவனுக்குத் தலைவன் என்று ஒரு பட்டம், அவனுக்கு மரியாதையாக ஒரு தகவல் வேறு. எந்தப் புண்ணியவான் இதை யோசித்தானோ என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது. அவன்தான். குரலில் அதே தேன்.

"அண்ணி, உடம்பு எப்படி இருக்கு? வெளிய போகக் கூடாதாமே. ரெண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிட்டு வரேன்."

பைக்கில் வந்தால் முக்கால் மணி நேரம். அக்கா காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் காப்பகத்துக்குப் போட்டாள். அங்கே பரிதாபமாகத்தான் பேசினார்கள், ஆனால் சிவப்பு என்றால் சேர்க்க மாட்டார்களாம். தங்கை அழவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து செருப்பை எடுத்துப் பேப்பரைப் பிரித்தாள். தான் போய்விட்டால் அக்காவையாவது விட்டுவிடுவான் என்றாள். அக்கா செருப்பைப் பிடுங்கி வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. நோட்டீஸ் ஒட்ட வந்த சுகாதார ஊழியர், பிளாஸ்டிக் அங்கியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த ஒரு பெண். 'இரண்டு நபர்கள்' என்று கொட்டை எழுத்தில் கதவில் ஒட்டினாள். கீழ்வீட்டு அம்மாள் படியில் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மூச்சு முட்டினா எங்க கொண்டு போவீங்க?"

"தொற்று வார்டுக்கு. வண்டி பத்து நிமிஷத்துல வந்துரும்."

"பார்க்கறதுக்கு ஆள் வந்தா?"

"பெத்த தாயா இருந்தாலும் கேட்டுக்கு வெளியதான். போலீஸ் நிக்குது."

அந்த வார்டு அக்காவுக்குத் தெரியும். அங்கிருந்து வருகிற விரிப்புகளைத்தான் தினமும் தேய்க்கிறாள். எத்தனை பேர் அங்கிருந்து வீடு திரும்பவில்லை என்பதும் தெரியும். நோய் இல்லாதவர்கள் போனாலும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அவள் மணியைப் பார்த்தாள். அரை மணி நேரம் ஓடியிருந்தது.

"இருமுடி," என்று உள்ளே திரும்பித் தங்கையிடம் சொன்னாள்.

தங்கை முழித்தாள். பிறகு இருபத்து மூன்று நாள் பழக்கத்தில் கை தானாகத் தலையணைக்குப் போனது. அக்கா தலையணையை இழுத்துத் தூரப் போட்டாள்.

"நல்லா இருமு. கீழ்வீடு வரைக்கும் கேக்கணும்."

தங்கை இருமினாள். முதலில் நடிப்பாக வந்தது, பிறகு அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து நிஜமாகவே வந்தது. இன்னும் சரியாகாத தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். அக்காவும் கூடச் சேர்ந்து இருமினாள். ஊழியர் அந்தத் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டபோது அவள் வண்டிக்குப் போன் போட்டுவிட்டு, கதவை மறித்து வாசலிலேயே நின்றாள்.