பத்தாவது ஆளின் தொண்டை

விடிகாலை ஐந்து மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், கந்தர்வக்கோட்டை வண்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஆள் கூப்பிட வாயைத் திறந்த சந்தனத்துக்குச் சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. காறித் துப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை பழைய கதவைத் திறந்த மாதிரி ஒரு கரகரப்பு வந்தது. வண்டியில் ஏற வந்த கிழவர் ஒருவர், "என்ன தம்பி, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சன்னலோரம் இடம் பிடிக்கப் போய்விட்டார். சந்தனம் இன்னொரு தடவை காறிப் பார்த்தான். மற்ற நாளென்றால் தொண்டை எக்கேடு கெட்டுப் போனால் என்ன என்று விட்டிருப்பான். இன்றைக்குச் சாயந்திரம் கட்டுமாவடியில் சடுகுடு பைனல். ஒரு வருஷமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் பெயரை இன்றைக்குத்தான் ஏழு பேரில் ஒருத்தனாக எழுதியிருந்தார்கள்.

அவன் வேலை பார்த்த பஸ் கம்பெனியின் முதலாளி முத்துராமனுக்குச் சடுகுடு என்றால் உயிர். ஐந்து வண்டி வைத்திருந்த மனுஷர், அந்த ஐந்து வண்டிக்கும் ஆள் எடுக்கும்போது பையனுக்குக் கணக்கு வருமா என்று பார்க்கமாட்டார், தொடையைத் தட்டிப் பார்ப்பார். டிரைவர்கள் தனி; அப்படிச் சேர்ந்த மற்றவர்கள் பத்துப் பேர். அதுதான் கம்பெனி செட்டு. ஆடுவது ஏழு பேர், மீதி மூன்று பேர் ரிசர்வ். மாசியில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும் எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் பந்தயம் இருக்கும், பந்தயம் இருந்தால் கம்பெனி செட்டும் இருக்கும். ஏழு பேர் ஆடப் போய்விட்டால் வண்டியில் ஆளை யார் ஏற்றுவது, டிக்கெட்டை யார் கிழிப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார் நாகராசு. செட்டுக்குக் கேப்டன் அவர்தான், ஸ்டாண்டில் உட்கார்ந்து யாருக்கு எந்த ட்ரிப் என்று டூட்டி போடுகிற டைம் கீப்பரும் அவர்தான். பந்தயத்துக்கு முந்தின நாளும் அன்றைக்கும் ஏழு பேருக்கும் ஓய்வு. அவர்கள் டூட்டியில் ஓடியே ஆகவேண்டிய ட்ரிப்புகளையும் சேர்த்து ரிசர்வ் மூன்று பேர் பார்க்க வேண்டும். ஏழு பேரும் கால் கை நீட்டிப் படுத்திருக்க, இந்த மூன்று பேரும் அறந்தாங்கிக்கும் கந்தர்வக்கோட்டைக்குமாக நாய் படாத பாடு பட்டார்கள். பழக்கத்துக்கு வரக்கூட நேரமில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஏற்பாடு பங்குனி பாதி வரைக்கும் அமோகமாகத்தான் நடந்தது. நாலு ஊரில் கோப்பை வாங்கினார்கள். முதலாளி அவற்றை ஆபீஸ் அலமாரியில் வைத்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் பிடித்தது சனியன். ஆடுகிற ஏழு பேரில் வீரய்யாவுக்குத் தோள்பட்டை இறங்கியது. பத்து நாள் கழித்து ரத்தினவேலுக்குக் கணுக்கால் பிசகியது. ரிசர்வில் இருந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். அவர்களுக்கு ஆட்டம் மறந்து போயிருந்தது; ஆனாலும் மற்ற ஐந்து பேர் இழுத்துப் பிடித்து ஜெயித்துக் கொடுத்தார்கள். பைனலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆண்டியப்பனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள், தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அவன் படி தாண்டக் கூடாது. நாகராசு ஆபீஸில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழாவது விரல் சந்தனத்தின் பேரில் வந்து நின்றது. ஆனால் அவனும் ஆடப் போய்விட்டால் அவன் பார்க்கிற ட்ரிப்புக்கு ஆளே கிடையாது. அதனால் காலையில் டூட்டியையும் பார்த்துவிட்டு, மத்தியானம் கட்டுமாவடி போகிற வண்டியில் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்து இறங்கி ஆட வேண்டும் என்று முடிவானது.

முடியாது என்று சொல்லுகிற நிலையில் சந்தனம் இல்லை. அவன் இன்னும் டெம்பரரி கண்டக்டர்தான். வைகாசி முடிந்ததும், வருஷம் பூராவும் ஒரு தடவைகூடக் கோட்டுக்குள் இறங்காதவனுக்கு முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். போன வருஷம் அவன் சேர்ந்த புதிதில் அவன் கண் முன்னாலேயே ஒருத்தனுக்குக் கிழித்தார். இறங்கியவனும் உருப்படியாக ஆடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சந்தனம் பழையபடி முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கத்தான் போக வேண்டும். அவன் பெண்டாட்டி செவந்திக்கு இது நன்றாகத் தெரியும். விடிகாலையில் கிளம்பும்போது, முந்தின நாள் பூராவும் கத்திக் கட்டிப்போன தொண்டைக்கு மிளகு தட்டிப் போட்ட பாலைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளு வாயத் தொறக்காதீங்க. கையக் காட்டியே ஆள ஏத்துங்க" என்றாள். அவள் சொன்னது வாஸ்தவம். சடுகுடுவில் காலைவிடத் தொண்டைதான் முக்கியம். ஒரே மூச்சில் சடுகுடு சடுகுடு என்று பாடிக்கொண்டே எதிராளி பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டு, சத்தம் நிற்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். சத்தம் நின்றால் ஆள் அவுட்.

கையைக் காட்டி ஆள் ஏற்றலாம் என்று சொன்ன செவந்தி எந்த ஸ்டாண்டிலும் கண்டக்டராக நின்றதில்லை. அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு. கந்தர்வக்கோட்டையில் எதிர்க் கம்பெனி வண்டி மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. அதன் கண்டக்டர் வெண்கலத் தொண்டைக்காரன். அவன் ஒரு சத்தம் கொடுத்ததும் கல்யாணக் கூட்டம் மொத்தமும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே திரும்பியது. காலி வண்டியோடு போனால் சாயந்திரம் வரைக்கும்கூட வேலை இருக்காது. சந்தனம் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். போகும்போது கத்தினான், வரும்போது கத்தினான், அறந்தாங்கியில் நிற்க இடமில்லாத வண்டியில் உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினான். வேலையைக் காப்பாற்றத் தொண்டை வேண்டும், தொண்டையைக் காப்பாற்றினால் வேலை போய்விடும். இதில் எந்தப் பக்கம் போவது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. கட்டுமாவடியில் இறங்கும்போது மணி மூன்றரை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். கேட்டது யார் காதிலும் விழவில்லை.

கடற்கரை மணலில் கயிறு கட்டி ஆடுகளம் போட்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்குக் குறையாது. எதிர்ச் செட்டு உள்ளூர் மீன்பிடிக்காரர்கள், கேப்டன் நல்லதம்பி. அவர்கள் கதையே வேறு. பாதிப் பேர் கடலுக்குப் போயிருப்பார்கள், பாதிப் பேர் கரையில் இருப்பார்கள். எவன் கரையில் இருக்கிறானோ அவன் ஆடுவான். அப்படி ஆடி ஆடிப் பன்னிரண்டு பேரும் ஒரே பதமாக இருந்தார்கள். யாரையும் பத்திரப்படுத்தி வைக்கவுமில்லை, யாரையும் தேய்த்து வைக்கவுமில்லை. நாகராசு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தனம் பக்கத்தில் வந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். அவர் முகம் செத்துப்போனது. மணலைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னார்: "ஏழு பேரு காலப் பாத்துப் பாத்து டூட்டி போட்டேன். ஒன் தொண்டைய நெனக்கவே இல்லடா தம்பி." சந்தனத்துக்குக் கோபம்தான் வந்தது. இதை மாசியிலே நினைத்திருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தான். கேட்கக் குரல் இருந்தால்தானே.

முதல் பாதியில் நாகராசு அவனைப் பாடப் போக விடாமல் பிடிக்க மட்டும் நிறுத்தினார். இரண்டு பேரைப் பிடித்துப் போட்டான். கூட்டமே கை தட்டியது. இரண்டாம் பாதியில் ஒரு தடவை போய்த்தான் ஆகவேண்டி வந்தது. கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைக்கவில்லை, அம்பயர் விசில் அடித்துவிட்டார். அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் வாத்தியாராக இருந்தவர் அவர், நியாயமான மனுஷர். "சத்தம் கேக்கலப்பா. அவுட்டு" என்றார். கயிற்றோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். சந்தனம் தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்கு வெளியே போனான்.

எதிராளி ஒருத்தன் அவுட் ஆனதும் சந்தனம் மறுபடி உள்ளே வந்தான். அதற்கப்புறம் இவர்கள் பக்கம் ஒவ்வொருத்தனாக விழுந்தான். கடைசியில் நாகராசையும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வெளியே போனபோது களத்தில் மிச்சம் இருந்தது சந்தனம் ஒருத்தன்தான். இரண்டு பக்கமும் சரிசமமான பாயிண்டு, ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம். அவன் ஆளைத் தொட்டுத் திரும்பினால் கோப்பை இவர்களுக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு.

நாகராசு வெளியே போனவர் உட்காரவில்லை. நேரே அம்பயரிடம் போனார். "அய்யா, அவன் பாடுவான். சத்தம் பெருசா வெளிய வராதே தவிர பாடுவான். கிட்ட வந்து காதக் குடுத்துக் கேளுங்க. அதுக்கு மேல நீங்க சொல்றதுதான்" என்றார். அம்பயர் யோசித்தார். நல்லதம்பியைப் பார்த்தார். நல்லதம்பி சந்தனத்தின் கழுத்தைப் பார்த்தான். நரம்பு புடைத்துச் சிவந்து கிடந்தது. கடலுக்குள் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்திக் கத்தித் தொண்டை போனவர்களை அவன் பார்த்திருக்க மாட்டானா என்ன. கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தாழ்த்தி, "எல்லாரும் செத்த நேரம் சத்தம் போடாம இருங்க. அவரு பாடட்டும்" என்றான்.

ஆயிரம் பேர் அடங்கினார்கள். கடலை விற்றவன் கூடையைக் கீழே வைத்தான். அழுத பிள்ளையை ஒருத்தி தூக்கிக்கொண்டு தூரமாகப் போனாள். சந்தனம் மூச்சை இழுத்து நடுக்கோட்டைத் தாண்டினான். அம்பயர் குனிந்து, காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் இடப்பக்கம் போனால் இடப்பக்கமும் வலப்பக்கம் போனால் வலப்பக்கமும் கூடவே வந்தார். நல்லதம்பி ஒரு எட்டு முன்னால் வைத்தான். சந்தனம் பாய்ந்து அவன் விலாவில் தட்டிவிட்டுத் திரும்பினான். முதுகில் ஒரு கை விழுந்தது, வழுக்கியது. இடுப்பில் ஒரு கை விழுந்தது. இடுப்பைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு மணலில் விழுந்து கையை நீட்டினான். விரல் கோட்டில் பட்டது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆனால் அது வாய்க்கு வெளியே ஓடியதா, நெஞ்சுக்குள்ளே மட்டும் ஓடியதா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆயிரம் பேரும் இன்னும் பேசாமல்தான் நின்றார்கள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அம்பயர் பக்கத்திலே மணலில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, இன்னும் ஊதாத விசிலைக் கையிலே வைத்தபடி, காதை இன்னும் அவன் வாய்ப்பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தார்.