இரும்பைத் தொடாதவர்கள்

மூன்றாவது முறையாகப் பசுவின் கழுத்தில் வெட்டு. இந்த முறை காயத்தின் இரு பக்கத்தையும் ஓர் ஊசியால் சேர்த்துக் குத்தி, வால்மயிரால் சுற்றிக் கட்டியிருந்தது. கோப்னட் தலையிலடித்துக்கொண்டாள்.

உருளைக்கிழங்கு இரண்டாம் வருடமும் அழுகியபின் அந்த மலைப்பக்கத்தில் ஆடுகள் காணாமல் போயின. மாட்டை ஓட்டிப்போகத் துணியாதவர்கள் ஒரு கிண்ணம் இரத்தம் மட்டும் எடுத்துக் கீரையோடு வேகவைத்துத் தின்றார்கள். அதற்குப் பயந்தே பசுவை வீட்டுக்குள் கட்டியிருந்தாள். கதவுக்கு முட்டுக்கொடுத்த கட்டை வைத்தபடியே இருந்தது.

பசுவுக்கு நிறைசினை. இன்னும் மூன்று வாரம். இனியும் இரத்தம் போனால் கன்று தங்காது. கன்று இல்லையென்றால் பால் இல்லை. பால் இல்லையென்றால் அவளுடைய இரண்டு பெண்களும் தேறமாட்டார்கள்.

நேற்றுத்தான் பக்கத்து வீட்டு பார்ட்லியிடம் சண்டைக்குப் போயிருந்தாள். "முட்டுக்கொடுத்த கதவுக்குள்ள நான் என்ன புகையாவா வந்தேன்? திருடனை உன் வீட்டுக்குள்ள தேடு, தாயி" என்றான் அவன்.

கணப்பருகே குந்தியிருந்த அவள் கணவன் பெருமூச்சு விட்டான். "மேட்டுல குடியிருக்கிற நல்லவங்க வேலையா இருக்கும், புள்ள. கண்ணுக்கா தெரியுறாங்க?" மேட்டுக்குள் வாழும் மாயக் குறளிகளை ஊரார் பயந்து 'நல்லவங்க' என்றுதான் சொல்வார்கள்.

"நல்லவங்க எப்பய்யா இரும்பைத் தொட்டாங்க? இரும்பைக் கண்டா ஏழு மலை தாண்டி ஓடுறவங்க, ஊசி குத்தித் தையல் போடுறாங்களாக்கும்!"

கோப்னட் காயத்தின் மேலிருந்த இரத்தத்தைத் துடைத்தாள். தலை வளைந்த ஊசி. கோயிலுக்குப் போகும்போது அவள் சால்வையில் குத்துவது. இரண்டு நாளாக வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இரத்தத்தை யாருக்குய்யா குடுத்த?"

"ஃபீலிம் புள்ளைங்களுக்கு."

ஒரே ஓர் ஆட்டைத் திருடியதற்காக அவன் அண்ணன் ஃபீலிமை நாடுகடத்திக் கப்பலேற்றிவிட்டார்கள். அண்ணி போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மூன்று பிள்ளைகள்.

"நமக்கே பத்தலேன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்தான்! உங்க அண்ணனாவது அடுத்தவன் ஆட்டைத் திருடுனான். சொந்த மாட்டையே திருடுற உன்னை எந்தக் கோர்ட்டுல நிறுத்துறது?"

சால்வையைப் போர்த்தி, ஊசியில்லாமல் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டையை எடு."

"எங்க போற?"

"அந்த மூணையும் கூட்டியாற. இருக்கிற களியை அஞ்சு புள்ளைங்களும் பங்கு போட்டுத் தின்னட்டும். நீ இனிமே மாட்டுக் கழுத்துல கை வெச்ச, நானே போலீசுல சொல்லுவேன்."

வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

"போற வழியில பார்ட்லிகிட்ட மன்னிப்பு வேற கேட்டுத் தொலைக்கணும். சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் அந்த ஆளு."