பாவாடைக்குள் ஒரு சோதனை

கடைசி ஆட்டத்தில் குறும்பு செய்யாத பாலே நடனக் குழு டுலூத் ஊர்ப் பக்கத்தில் கிடையாது. டிசம்பர் முழுக்க ஒரே கிறிஸ்துமஸ் நாட்டியக் கதையை, அதே மரம், அதே எலிச் சண்டை, அதே காகிதப் பனி என்று ஆடிச் சலித்தவர்கள், அன்றைக்கு அவிழ்த்துவிட்ட கழுதைகள் ஆகிவிடுவார்கள்.

போன வருஷம் வெண்டல் ஆஹோ செய்ததுதான் உச்சம். ஊரில் குழாய் பழுதுபார்க்கிற வெண்டலுக்கு மிட்டாய் நாட்டுக் காட்சியில் ராட்சச அம்மா வேஷம். மரக்கால்களில் ஏறி, கூடாரம் போன்ற பாவாடையோடு வருவார். பாவாடை திறந்ததும் உள்ளிருந்து குழந்தைகள் ஓடிவந்து ஆடுவார்கள். போன வருஷம் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு ஏரி மீனையும் உருவி நீட்டினார். சபை சிரித்துப் புரண்டது. நடன டீச்சரும் இயக்குநருமான இங்கிரிட் ஹால்வர்சன் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் இங்கிரிட் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். மேடையில் குறும்பு செய்தால் அடுத்த வருஷம் வேஷம் இல்லை. விருந்துக் காட்சியில் ஓரமாக நிற்கிற பல் டாக்டர் கர்ட்டிஸ் வேறு அந்தப் பாவாடைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார். அடைத்த சாக்கடையோடு மல்லாடுகிற வெண்டலுக்கு ஊரே கைதட்டுவது டிசம்பரில் மட்டும்தான். பாவாடையை இழக்கவும் மனமில்லை, குறும்பை விடவும் மனமில்லை.

கடைசி ஆட்டத்தன்று, அவர் முறை வருவதற்குச் சற்றுமுன், மேடையோரத்துக்கு இங்கிரிட் டார்ச்சோடு வந்தார்.

“உள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“சத்தியமா ஒண்ணும் இல்ல டீச்சர். குழந்தைங்கதான்.”

“மீனு?”

“நாத்தம் வருதா பாருங்க.”

“என் காதுல பூ சுத்தாதீங்க.”

“சந்தேகம்னா நீங்களே உள்ள போய்ப் பாத்துக்குங்களேன்.”

இங்கிரிட் குனிந்து பாவாடைக்குள் நுழைந்தார். “எல்லாரும் கையைக் காட்டுங்க!” என்ற அதட்டலும், குழந்தைகளின் கிளுக்கென்ற சிரிப்பும் கேட்டன. இசை மாறியது. அது எப்போது மாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் வெண்டல் சொல்வார். மரக்காலை எடுத்து வைத்தார்.

“ஐயையோ, நில்லுங்க! நான் உள்ள இருக்கேன்!”

“மியூசிக் நமக்காக நிக்காது டீச்சர்!”

மேடை நடுவில் பாவாடை திறந்தது. குழந்தைகள் ஓடிவந்தார்கள். கடைசியாக, கறுப்பு உடையும் எரிகிற டார்ச்சுமாக இயக்குநர் தவழ்ந்து வந்தார். சபை கூரை பறக்கச் சிரித்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமோ என்று நினைத்தார் வெண்டல். முட்டி போனதிலிருந்து இங்கிரிட் மேடையேறியதே இல்லை. எல்லாரையும் ஏற்றிவிட்டு இருட்டில் நிற்கிறவர். இப்போது எழுந்தார், டார்ச்சை அணைத்தார், குழந்தைகளில் ஒருத்தியான குட்டி டெஸ்ஸாவின் கையைப் பிடித்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். முட்டி மக்கர் செய்த இடத்தில் சபையைப் பார்த்துக் கண்ணடித்துச் சமாளித்தார். மேலிருந்து பார்த்த வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரை விழுந்ததும் டாக்டர் கர்ட்டிஸ்தான் முதலில் ஓடிவந்தார். “அப்போ டீச்சர், பாவாடை எனக்குத்தானே?”

வெண்டல் தலையைத் தொங்கப்போட்டார்.

“சொன்னா சொன்னதுதான். மேடையில குறும்பு பண்ணா வேஷம் கிடையாது,” என்றார் இங்கிரிட், மூச்சு வாங்க. “ஆனா இவரு மேடையில ஒண்ணும் பண்ணலையே! ஆடுனதும் கண்ணடிச்சதும் நான். அதனால எனக்குத்தான் வேஷம் கிடையாது.”

வெண்டல் நிமிர்ந்தார். “அப்போ அடுத்த வருஷம்?”

“வேஷம் இல்லாமத்தான் வருவேன். உங்க பாவாடைக்குள்ள எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்க.”