கல்லறையில் எடுத்த படம்

தங்கை ஷாரோன் வேலைக்குப் போன கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரியோடு மோதியபோது, சாம்சன் வெளிநாட்டில் தன் கிளப் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தான். கூடைப்பந்து பார்க்கிறவர்களில் அவனை அறியாதவர்கள் இல்லை. ஷாரோனின் அடக்கத்துக்கு அவன் வருகிறான் என்று தெரிந்ததும், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த பையன்கள் கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள்.

பெட்டியின் மேல் மண் போட்டுவிட்டு அவன் திரும்பியதும், "அண்ணா, ஒரே ஒரு செல்ஃபி" என்றான் ஒருவன். மறுக்கத் தெம்பில்லாமல் சாம்சன் குனிந்து நின்றான்.

மாலையில் அந்தப் படம் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா செல்லம்மாள் போனை அவனிடம் நீட்டினாள். படத்தில் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது? தங்கச்சிய பொதச்ச எடத்துல சிரிச்சிக்கினு நிக்கிற?"

"எனக்கே தெரியலம்மா. கேமராவ பாத்தா வாய் தானா அப்படிப் போயிடுது."

"வாசல்ல இன்னும் போனும் கையுமா நிக்கிறானுங்க. நீ கெளம்புடா. நீ போனாதான் நான் அழ முடியும்."

மூன்றாம் நாள் ஜெபம் வரை அவளோடு இருக்கத்தான் வந்திருந்தான். பையை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வெளியேறினான்.