இரண்டு அவையும் கூடிய நாள்

மல்றே அக்காவின் தம்பி ஜோங்து, எங்கள் ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அந்த வசந்தத்தில் கள்ள ஓட்டை எதிர்த்து ஊரே திரண்டபோது போலீஸ் சுட்டது. அன்றைக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் காவல் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றை மண் கொட்டி மூடினார்கள். நல்ல தண்ணீர் ஊறிய கிணறு அது. எதற்கு மூடினார்கள் என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, கண்ணுகளா.

பழைய ஆட்சி விழுந்து தேர்தலும் முடிந்தது. நாட்டுப் பார்லிமென்டில் முதல் தடவையாகக் கீழவை, மேலவை என்று இரண்டு அவைகள் வந்தன.

"தோண்டணும்னா பார்லிமென்ட் சொல்லணும்" என்றார் புது அதிகாரி.

அக்கா கீழவைக்கு ஜெயித்தவரிடம் போனாள். "மேலவை ஒத்துக்கணுமே" என்றார். மேலவைக்கு ஜெயித்த தாக் ஐயாவிடம் போனாள். "அது கீழவையில ஆரம்பிக்கணும்மா" என்றார். அதற்குள் கிணற்றின்மேல் தளம் போட ஜல்லி வந்து இறங்கிவிட்டது.

ஆகஸ்டில் இரண்டு அவையும் தலைநகர் சியோலில் ஒன்றாக உட்காரப்போவதாக ரேடியோ சொன்னது. அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பேரும்! இனிமே யாரு யாரைக் கை காட்டுவான்? நீயும் வாடி."

வாற்கோதுமைச் சோற்றை உருண்டை பிடித்து, நெத்திலிக் கருவாட்டையும் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம்.

பார்லிமென்ட் வாசலில் கூட்டம். புகைக்க வெளியே வந்த தாக் ஐயா எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏம்மா, இவ்வளவு தூரமா?"

"கிணறுங்க ஐயா. உள்ள எல்லாரும் இருக்கீங்களாமே? கையைத் தூக்கச் சொல்லுங்க, நொடியில முடிஞ்சிடும்."

அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "எல்லாரும்தான் இருக்கோம். ஆனா ஒண்ணா உக்காந்தா எங்களுக்கு ஒரே வேலைதாம்மா. ஜனாதிபதி பேரை எழுதிப் பெட்டியில போடணும். வேற பேச்சே அங்க எடுக்க முடியாது."

"இத்தனை பேர் கூடியுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க மீன் ஏலத்துல எல்லாரும் வந்துட்டா வியாபாரம் முடியும். இங்க எல்லாரும் வந்துட்டா எல்லாமே நின்னுடுமாக்கும்!"

அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்து எப்பங்க ஒண்ணா உக்காருவீங்க?" என்றாள் அக்கா.

"அஞ்சு வருஷம் ஆகும். நடுவுல ஜனாதிபதி காலமானா, அப்பவும் கூடுவோம். ஆனா அப்பவும் இதே வேலைதான்."

அக்கா கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவில்லை.

"வரப்போறவருக்கு உடம்பு எப்படிங்க?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை அவள். உள்ளே மணி அடித்தது. தாக் ஐயா சிகரெட்டை நசுக்கிவிட்டு ஓடினார்.

புது ஜனாதிபதியின் பெயரை அறிவித்ததும் தெருவெல்லாம் "மான்சே" என்று வாழ்த்துக் கோஷம் எழுந்தது. பக்கத்திலிருந்த யாரோ ஒரு மாணவன் அக்காவின் கையையும் பிடித்து உயர்த்தினான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பி நேரே காவல் நிலையத்துக்குப் பின்னால் போனோம். கிணற்றின்மேல் அப்போதுதான் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெயிலில் பளபளத்தது.

"ஓரமா நில்லுங்கம்மா, கால் வெச்சா தடம் விழுந்துடும்" என்றார் காவல்காரர், தணிந்த குரலில்தான்.

அக்கா கால் வைக்கவில்லை. அது காய்ந்து வெளுக்கும்வரை அங்கேயே நின்றாள்.