ஓரகத்தியின் தேன்பெட்டி

குளிர்காலத்தில் தேனீக்கள் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் என்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் பெட்டி வாசலிலோ, மதிய வெயிலில் ரயிலடிக் கூட்டம். தினமும் அதைப் பார்த்து வயிறெரியவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. என் பெட்டியை எங்கே பார்த்தேன்?

"உங்க கைராசி யாருக்கு வரும் அக்கா?" என்றேன்.

"நீ வேற. என் தேனீயெல்லாம் போன வாரமே செத்துப் போச்சு. யாரோடதோ வந்து மிச்சத் தேனைத் திருடுது," என்றவள், வெளியே வந்த தேனீக்கள்மேல் கோதுமை மாவைத் தூவினாள். "எங்க போகுதுன்னு பாரு."

வெள்ளை பூசிய தேனீக்கள் வேலியைத் தாண்டி நேராக என் பெட்டிக்குள் நுழைந்தன.

அவள் முறைத்தாள். எனக்கு அவமானமாக இல்லை. நான் வளர்த்ததுகளுக்கும் அவள் வீட்டுத் தேன்தானே இனித்திருக்கிறது என்று பற்றிக்கொண்டு வந்தது.